வெயிலுக்கு வயது தெரியாது, நமக்குமா தெரியாது?



சங்கக் கூட்டங்களுக்காக நாம் மலையை விட்டு இறங்கித் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போகும்போதெல்லாம், பால்மரத் தோட்டத்து நண்பர்கள் நம்மைப் பார்த்துச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "உங்களுக்கென்ன, கேமரன் மலையிலே குளுகுளு என்று வேலை, வெயில் எல்லாம் எங்கள் தலையில்!" என்பார்கள். நாமும் சிரித்துவிட்டு வருவோம். ஆனால் அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சை விட்டுவிடும் காலம் போய்விட்டது என்றே இப்போது நினைக்கிறோம். மலையில் குளிர் உண்டு, மறுக்கவில்லை. அந்தக் குளிரிலேயே வெயிலும் உண்டு. அந்த வெயிலில் ஐம்பதைக் கடந்த உடம்புகள் கூடையும் சாக்கும் சுமந்து சரிவில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது தேயிலைத் தோட்டத்துச் செய்திதானே, பால்வெட்டும் நமக்கு என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முதுமை எல்லாத் தோட்டத்துக்கும் பொது. வெயிலும் அப்படித்தான்.

குளிர் என்னும் ஏமாற்று

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங், பேராக் எல்லையில் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். 1929இல் ரஸ்ஸல் என்ற துரை இங்கே தேயிலை பயிரிடும் தொழிலைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மலைச்சாலை வந்து சேர்ந்தது. அதன்பின் ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கங்களில் காடு கழிந்து பச்சைச் சரிவுகள் தோன்றின. அந்தச் சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளில் மிகப் பெரும்பாலானவை நம் தமிழர் கைகள் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். பகலிலும் காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. இந்தக் குளிர்தான் ஏமாற்று. காற்றின் குளிர்ச்சி வேறு, சூரியனின் சூடு வேறு. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. சமவெளியில் விழும் கதிரைவிட நம் மலையில் விழும் கதிர் கடுமையானது. முகம் கறுப்பதும், உதடு வெடிப்பதும், கண்ணில் புரை விழுவதும் அந்தக் கதிரின் வேலைகளே. "குளிர்தானே!" என்று தலைத்துணியைச் சரித்துக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை அறிவதில்லை.

மேலும், பால்மரத்துக்கு நிழல் உண்டு. தேயிலை இடுப்பளவுச் செடி. தன் வேருக்கு நிழல் தருமே ஒழிய, கிள்ளுகிறவள் தலைக்குத் தராது. காலை பெரட்டு முடிந்து மலையில் ஏறினால், இறங்கும்வரை தலைக்குமேல் வானந்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உடம்பின் சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. தசை வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் சூடாகி உடம்பிலேயே தங்குகிறது. சமதரையில் நடப்பதும், நிமிர்ந்த சரிவில் ஈரக் கொழுந்துச் சாக்கோடு ஏறுவதும் ஒன்றாகுமா? இப்போது பல மலைகளில் கையால் கிள்ளுவது குறைந்து, கத்தரியும், இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. வேகம் கூடிவிட்டது, சுமையும் கூடிவிட்டது. கவாத்து வெட்டும் வேலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலைக்காற்று மேனியைக் குளிர்விக்கும்போதே உள்ளே உலை எரிந்துகொண்டிருக்கிறது.

பால்மரத்தின் கடிகாரம்

பால்வெட்டுத் தோழர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்றை இங்கே நினைவுபடுத்துகிறோம். நீங்கள் ஏன் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறீர்கள்? விடியற்காலையில் மரத்தின் பட்டைக்குள் பால் அழுத்தம் மிகுதி. வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆக, மரத்தின் நலனுக்காக உங்கள் நாள் முன்னே தள்ளப்பட்டது. அதனால் மனிதனுக்கும் ஓர் ஆதாயம்: உச்சி வெயிலுக்குமுன் கடுமையான வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

அதிலும் ஒரு குறை உண்டு. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும். நாட்டில் வறட்சியும் வெப்பமும் மிகும் பருவமும் அதுவே. நிழல் மிகவும் தேவைப்படும் மாதத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது. அந்த மாதங்களில் வெட்டை நிறுத்திக் களை வெட்டவும் உரம் போடவும் அனுப்பினால் இன்னும் மோசம். செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களுக்கும் தூக்குகிறவர்களுக்கும் இதைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

நம் மலையில் அப்படி இருட்டில் தொடங்க முடியாது. வழுக்கும் சரிவில் விளக்கொளியை நம்பிக் கால் வைத்தால் கால் முறியும். அதோடு, 1982 ஜனவரி முதல் நாளிலிருந்து தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டுவிட்டது. ஆகவே நமக்கு உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல. 1 மணியைத் தாண்டித்தான் சூரியன் தலைக்கு நேரே வருகிறது. பகலுணவு முடிந்து மீண்டும் மலையேறும் நேரமே கொடிய நேரம். ஆனால் மரத்துக்காக நாளைத் திருத்தி அமைக்கத் தெரிந்த தோட்டத் தொழிலுக்கு, மனிதனுக்காக நாளைத் திருத்தி அமைக்கத் தெரியாதா? இதுவே நம் கேள்வி.

உடம்பின் கணக்கு

வயதான உடம்பு வெயிலில் ஏன் சீக்கிரம் சாய்கிறது? சோம்பல் என்பார்கள் சிலர். அது அறியாமை. மருத்துவம் சொல்வது வேறு.

உடம்பு தன் சூட்டை இரண்டு வழிகளில் வெளியேற்றுகிறது. ஒன்று, இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவது. மற்றொன்று, வியர்வை. வயது ஏற ஏற இரண்டும் குறைகின்றன. இதயம் முன்போல் வேகமாக இறைப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் முன்போல் சுரப்பதில்லை. இவற்றைவிட ஆபத்தானது மூன்றாவது: தாகம் தெரிவதில்லை. இளைஞனுக்கு நாக்கு வறளும்போது உடம்பு தண்ணீர் கேட்கிறது. முதியவருக்கு உடம்பு வறண்ட பிறகும் நாக்கு கேட்பதில்லை. "தாகம் எடுத்தால் குடிக்கலாம்" என்று முதியவரிடம் சொல்வது, மணி அடிக்காத கடிகாரத்தை நம்பித் தூங்குவது போன்றது.

இதற்குமேல் நம் மக்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும். 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாக்கி உடம்பின் நீரைக் குறைப்பவை. அந்த மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டுத் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் மலையேறும் அம்மாக்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தொட்டு, பேச்சுக் குழறி, அறிவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். உயிர் போகும் நிலை. இளைஞரையும் அது விடுவதில்லை. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நம் பகாங் மாநிலத்திலேயே 22 வயது இளைஞர் ஒருவர் வெப்பத் தாக்கத்தால் இறந்ததாக அறிவிப்பு வந்தது. இருபத்திரண்டு வயதுக்கே அந்தக் கதி என்றால், ஐம்பத்தெட்டு வயதுக்கு என்ன காப்பு?

அனைத்துலகத் தொழில் நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், உலகில் 240 கோடித் தொழிலாளர்கள் வேலையின்போது மிகையான வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்றும், ஆண்டுதோறும் 18,970 பேர் அதனால் உயிரிழக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. மயங்கி விழுவது மட்டுமே கேடு என்று எண்ண வேண்டாம். நீர் வற்றிய உடம்போடு ஆண்டுக்கணக்கில் உழைத்தால் சிறுநீரகம் சிறிது சிறிதாகக் கெடுகிறது. நிக்கராகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வாலிபர்களே அப்படிச் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள்.

நாம் எழுதிய 'அரை'

இனி நம் தோட்டத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறர் குற்றத்தை எழுதும் பேனா தன் குற்றத்தையும் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்ச்சு மாதம். மழை விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, பதினொன்றரை மணிக்குத் தலை சுற்றுகிறது என்று செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் தெளித்துக் கைத்தாங்கலாகச் சாலைக்கு இறக்கினார்கள். லாரி வந்தது. வீட்டில் விட்டுவிட்டுப் போனது. மண்டோர் அந்தி வேளையில் ஆபீசுக்கு வந்து சீட்டைக் கொடுத்தார். அவர் எடுத்த கொழுந்து பாதி நாள் அளவுதான். நாம் செக்ரோலைத் திறந்தோம். அவர் பெயருக்கு நேரே அரைப் பேர் போட்டோம். ஏட்டை மூடினோம்.

மறுநாள் பெரட்டுக்கு அந்த அம்மா முதல் ஆளாக வந்து நின்றார்.

"என்ன அக்கா, இரண்டு நாள் படுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"படுத்தா யாரு தம்பி பேர் போடுவா?" என்றார் சிரித்துக்கொண்டே. நம் மனத்தில் சுருக்கென்று தைத்தது.

"நேற்றுத் தண்ணீர் குடித்தீர்களா?"

"மேல்மலையில தண்ணி குடிச்சா அப்புறம் எங்க போறது தம்பி? ஆம்பளைங்க மறைவா நின்னுக்குவாங்க. நாங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கணும். அதனால காலையில ஒரு கோப்பை தேத்தண்ணியோட சரி."

தோழர்களே, மேல்மலையில் ஒரு கழிப்பிடம் இல்லாததே அந்த மயக்கத்தின் முதற்காரணம் என்று அன்றுதான் நமக்கு விளங்கியது. பத்தாண்டுக்கு மேலாக அந்த ஆபீசில் உட்கார்ந்து மலை மலையாகக் கணக்கு எழுதியும் நமக்கு அது தெரியவில்லை.

அதன்பின் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டில் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு என்று சொல்கிறது. அந்த அம்மா முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். அன்று அவரை வீட்டில் இறக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால், மருத்துவர் சான்றோடு சம்பள விடுப்பு கிடைத்திருக்கும். வேலையிடத்தில் வேலையால் வந்த பாதிப்பு என்று சொக்சோவுக்கும் எழுதியிருக்கலாம். எதுவும் நடக்கவில்லை. ஏட்டில் நின்றது 'அரை' மட்டுமே. அந்த அரையை எழுதியவர் நிர்வாகி அல்ல, மண்டோர் அல்ல, நாம்.

கிராணிமார் சங்கம் வேறு, தொழிலாளர் சங்கம் வேறு என்று நம்மிடையே ஒரு வேலி உண்டு. வேலி இருக்கட்டும். ஆனால் மலையில் நடந்தது ஏட்டில் ஏறுவது கிராணியின் பேனாவால். 'தலை சுற்றி விழுந்தார், மணி பதினொன்றரை, வெயில்' என்று ஒரு வரி எழுதினால், நாளைக்கு அது சாட்சி. எழுதாவிட்டால், எந்த மலையிலும் எவரும் வெயிலால் விழவே இல்லை என்றுதான் ஏடு சொல்லும். ஏட்டில் இல்லாத நோய்க்கு எந்த நிர்வாகம் மருந்து தேடும்?

வீடு என்னும் கயிறு

"வயதானவர்களை நாங்களா வரச் சொன்னோம்? ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் அவர்களே கேட்பதில்லை" என்று நிர்வாகத் தரப்பில் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஓய்வு வேண்டாம் என்று அவர்களே சொல்வது மெய்தான். ஏன் சொல்கிறார்கள் என்பது மறைக்கப்பட்ட மற்றப் பாதி.

2012ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 60 வயதுக்குமுன் வயதைக் காட்டி ஒருவரை ஓய்வில் அனுப்ப முடியாது. நல்ல சட்டம், நாம் வரவேற்ற சட்டம். ஆனால் வேலையில் இருக்கும் உரிமையைத் தந்த சட்டம், வேலையின் பளுவைக் குறைக்கவில்லை. இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஐம்பத்தொன்பது வயதுக்காரருக்கும் தராசு ஒன்றுதான்.

1951இல் சட்டமாகி வந்த ஊழியர் சேமநிதி நம் முதுமைக்கு ஆதரவு என்றார்கள். ஆனால் நாட்கூலியில் பிடித்த சிறு தொகை, வாழ்நாள் முழுதும் சேர்ந்தாலும் எவ்வளவு சேரும்? 55 வயதில் எடுத்த பணம் பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது 2025இல்தான். அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளின் சிறு கூலியை அது திருப்பிக் கொடுக்காது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கயிறு வீடு. தோட்டத்து லயத்தில் குடியிருப்பவருக்கு வேலை இருக்கும்வரை வீடு. வேலையை விட்டால், வீட்டில் வேறு யாராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தாலொழிய, காலி செய்ய வேண்டிய நிலை பல தோட்டங்களில் இன்றும் உண்டு. பிறந்தது அங்கே, பிள்ளை பெற்றது அங்கே, கோயிலுக்குக் கல் சுமந்தது அங்கே. அறுபது வயதில் வாடகை வீடு தேடி எந்த ஊருக்குப் போவது? தானா ராத்தாவில் அறை வாடகை என்ன என்று அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆகவே முழங்கால் வலித்தாலும், கண் மங்கினாலும், தலை சுற்றினாலும், அவர்கள் மலையேறுகிறார்கள். அதை 'விருப்பம்' என்று சொல்வது நியாயமா? கூரைக்காகக் கொடுக்கும் வாடகை அது; உடம்பால் கொடுக்கிறார்கள்.

சட்டத்தில் இடம் உண்டு

நமக்கு உரிமையே இல்லை என்று கைகட்டி நிற்கத் தேவையில்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு செய்திகளை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஒன்று: உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஆபத்தை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக தொழிலாளிக்கு உரிமை உண்டு. விலகியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

இரண்டு: 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. நம் தோட்டங்களில் அந்தக் குழு எத்தனை முறை கூடுகிறது? கூடினால் தீயணைப்புக் கருவியையும் மருந்து தெளிப்பையும் பற்றிப் பேசிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைகிறதா, அல்லது வெயிலைப் பற்றியும் பேசுகிறதா? பேச வைப்பது நம் பிரதிநிதிகளின் கடமை.

வேலையிட வெப்பத்தைப் பற்றி அரசாங்கத்தின் பாதுகாப்பு இலாகா 2016இலேயே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. வழிகாட்டி என்பது வழியைக் காட்டும், நடக்க வைக்காது. மற்ற நாடுகள் அதைத் தாண்டிப் போய்விட்டன. கலிபோர்னியாவில் வயல் தொழிலாளர்கள் வெயிலில் மாண்ட பிறகு 2005இல் விதி வந்தது. இன்று அங்கே வெப்பம் 27 டிகிரி அளவை எட்டினாலே நிழல் தர வேண்டும். ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் தர வேண்டும். கத்தார் நாட்டில் 2021 முதல் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் நடுவரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளியில் வேலை செய்யத் தடை. ஜப்பானில் 2025 ஜூன் முதல் வெப்ப நோயைக் கண்டறிந்து உடனே கவனிக்கும் ஏற்பாடு முதலாளிமாருக்குக் கட்டாயம். கேரளத்தில் கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை நிறுத்தி அரசு ஆணை பிறப்பிக்கிறது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. நம் நாட்டில் மட்டும் இது தனிமனிதன் குடையைப் பொறுத்த விஷயமா?

நாம் கேட்பவை

ஆத்திரத்தில் பெரிய கோரிக்கைகளை அடுக்கி, ஒன்றும் பெறாமல் திரும்புவது நம் நோக்கமன்று. எந்தத் தோட்டமும் மனம் வைத்தால் அடுத்த வறட்சிக்குள் செய்யக் கூடியவற்றையே கேட்கிறோம்.

முதலாவது, தண்ணீர். மலைக்கு வண்டியில் தண்ணீர் வர வேண்டும். உரச்சாக்கு ஏறும் சாலையில் தண்ணீர்த் தொட்டி ஏறாதா? தாகம் எடுக்குமுன், மண்டோர் விசில் ஊதிக் குடிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு மலைப் பகுதியிலும் ஒரு நிழல் கொட்டகையும் பெண்களுக்குக் கழிப்பிடமும். இது மரியாதை மட்டுமல்ல, மருத்துவம்.

மூன்றாவது, வேலை வரிசை. வறட்சி மாதங்களில் செங்குத்துச் சரிவைக் காலையில் முடித்து, உச்சி வேளைக்குப் பிறகு சமமான பகுதிக்கோ நிழல் வேலைக்கோ அனுப்ப வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் அரை மணி இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்பது இப்போதே சட்டம். வெயில் நாளில் அந்த ஓர் இடைவேளை போதாது.

நான்காவது, ஓய்வு நேரத்துக்குக் கூலி. எடைக்குக் கூலி என்ற முறையில் நிழலில் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளிக்கு நட்டம். "அவரவர் சௌகரியம்போல் ஓய்வெடுக்கலாமே" என்பது வெறும் உபசாரம். வெப்ப ஓய்வுக்குக் கூலி சேர்த்துக் கணக்கிட்டால்தான் யாரும் உட்காருவார்கள்.

ஐந்தாவது, ஐம்பத்தைந்து கடந்தவர்களுக்குச் சம்பளம் குறையாத இலகு வேலை. நாற்றுமேடை, ஆலையில் தூள் பொறுக்குதல், ஆயாக்கொட்டகை, புதியவர்களுக்குக் கொழுந்து எடுக்கப் பழக்குதல் என்று எத்தனையோ உண்டு. முப்பதாண்டு அனுபவத்தை மலையேற்றித்தான் பயன்படுத்த வேண்டுமா?

ஆறாவது, நீண்டநாள் உழைத்து ஓய்வு பெற்றவரை லயத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. மாற்று வீடு கிடைக்கும்வரையாவது விட வேண்டும். இதைப் பெறுவது கடினம் என்பதை அறிவோம். ஆனால் மற்ற ஐந்தும் கிடைத்து இது கிடைக்காவிட்டால், நோயாளி முதியவர் மலையேறுவது நிற்காது.

செலவு பிடிக்குமே என்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை நிறுவனமும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட அறிக்கை, ஈரப்பதத்தையும் சூரியச் சூட்டையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவில் 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் வேலைத்திறன் 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது என்கிறது. எல் சல்வடோர் கரும்புக் காட்டில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தபோது வெட்டு குறையவில்லை, கூடியது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது தொழிலாளிக்குச் சொன்னது மட்டுமல்ல. கணக்குப் பார்க்கும் முதலாளிக்கும் பொருந்தும்.

எல்லாருடைய காரியம்

இன்று மலையில் நம்மவர் குறைந்து, வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டு வாலிபர்கள் நிறைந்திருக்கிறார்கள். "வயதான நம்மவர்கள் சிலர்தானே" என்று யாரும் ஒதுக்க வேண்டாம். வேற்றுச் சூழலிலிருந்து புதிதாக வருகிறவரின் உடம்பு வெயிலுக்குப் பழக ஓரிரு வாரம் பிடிக்கும். முதல் நாளிலேயே முழு வேலை கொடுக்கக் கூடாது, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்பது எங்கும் ஒப்புக்கொண்ட முறை. நோயில் கிடந்து திரும்புகிறவருக்கும் அதுவே. முதியவருக்காகக் கொண்டுவரும் தண்ணீர்த் தொட்டியில் அந்த வாலிபர்களும் குடிப்பார்கள். அவர்களைப் போட்டியாகப் பார்ப்பதை விட்டு, தோழர்களாகச் சேர்த்துக்கொண்டால் நம் குரலும் பெரிதாகும்.

சட்டமும் நிர்வாகமும் அசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே நிழலுக்கு இறக்குங்கள். மேல்துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 999க்கு அழையுங்கள். வீட்டில் இறக்கிவிட்டுப் போக விடாதீர்கள். பிறகு ஆபீசுக்கு வந்து, நடந்ததை எழுதச் சொல்லுங்கள். எழுதாத கிராணி நம்மைப் போன்றவராக இருந்தாலும், எழுதும்வரை நின்று கேளுங்கள்.

அந்த அம்மா அறுபதை எட்டி வேலையை விட்டுவிட்டார். மகனுடைய பெயர் தோட்டத்தில் இருப்பதால் லயத்தில் இடம் இருக்கிறது. மகன் வேலை மாறினால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு உண்டு, நமக்கும் உண்டு. நம் செக்ரோலில் இப்போது குறிப்புக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, வெயிலால் விழுந்தவர், திரும்பியவர், தலை சுற்றியவர் எல்லாரையும் மணியோடு எழுதி வருகிறோம். தொடங்கிய பிறகுதான் எத்தனை பேர் என்று நமக்கே தெரிந்தது. மற்றக் கிராணித் தோழர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செலவு ஒரு வரி மை.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வறட்சிக்குக் காத்திராமல், இந்த ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் இந்த ஆறு கோரிக்கைகளையும் பொருளாக வையுங்கள். ஐம்பத்தைந்து கடந்தவர்கள் உங்கள் தோட்டத்தில் எத்தனை பேர், அவர்கள் எந்த மலையில், எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலோடு பாதுகாப்புக் குழுவுக்குப் போங்கள். பட்டியலில் உள்ள பெயர்களைப் படிக்கும்போது, பத்திருபது ஆண்டில் நம் பெயரும் அந்த வரிசையில் வரும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.